எதிர்வீட்டு டோக்கன்

குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கியா பார்ப்பார் ஒரு மனுஷன்? சந்திரிகாவுக்கு அவமானமாகப் போய்விட்டது.

எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஜெயக்கொடி, பால் காய்ச்சிய கையோடு ஒரு டம்ளர் பாலும் இடுப்பில் குழந்தையுமாக வந்திருந்தாள். குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் காசு மாதிரி ஒரு பழைய வில்லை; குழந்தை அதை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. அது கண்ணில் பட்டதுதான் தாமதம், பேப்பர் படித்துக்கொண்டிருந்த மோகன்ராஜ் எழுந்து வந்துவிட்டார்.

சந்திரிகாவின் வீட்டுக்காரருக்கு நாணயக் கிறுக்கு. ரிட்டயர் ஆனதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய சாமான்களுக்கு நடுவே குந்திக்கொள்வார். அதிலும் யுத்த காலத்துச் சாமான் என்றால் தலைகால் புரியாது.

"கொஞ்சம் கழட்டிக் குடும்மா."

கழற்றிக் கொடுத்தாள். நகத்தால் கீறிப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரின் ஓரத்தில் தேய்த்தார். குழந்தை வீறிட்டது. அதையெல்லாம் அவர் காதில் வாங்கினால்தானே?

"ஏதும்மா இது?"

"எங்கப்பாவோடது சார். தாத்தா யுத்த டைம்ல இங்க ஏரோட்ரோம்ல வேலை பாத்தாராம். கேன்டீன்ல டீக்குக் குடுத்த டோக்கன். அப்பா கடைசி வரைக்கும் பர்ஸ்லயே வச்சிருந்தார். பேரனைப் பாக்காமலே போய்ட்டார். அதான் இவனுக்குக் கட்டிவிட்டேன். அப்பா கூடவே இருக்கிற மாதிரி..."

"இதை எனக்குக் குடுத்துடேன்."

ஜெயக்கொடி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "வேணாம் சார்" என்று மெதுவாக வாங்கி, மறுபடியும் கட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

"ஏங்க, குடிவந்து இன்னும் அடுப்புகூட ஆறலை. அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி இன்னா நெனைக்கும்?"

மனுஷன் அரை மணி நேரம் குட்டி போட்ட பூனையாக ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார். யாருக்கோ போன் பண்ணினார். பிறகு நேரே எதிர் ஃப்ளாட்டுக்குப் போய் பெல்லை அழுத்தினார்.

கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் சந்திரிகாவின் காதில் விழுந்தது.

"ரொம்ப அபூர்வமான பீஸும்மா. எங்க நாணயக் கிளப் கண்காட்சியில வைக்கணும்."

"மன்னிச்சுக்குங்க சார்."

திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மறுபடியும் போனார். இந்தத் தடவை ஐஸ் வைக்கிற படலம்.

"பையன் ஏம்மா இப்படி வெளிறிக் கிடக்கான்?"

"சரியாவே சாப்பிட மாட்டேங்கறான் சார். வயித்து வலின்னு அழறான்."

"சேலையூர்ல குழந்தைங்க டாக்டர் ஒருத்தர் நம்ம ஃப்ரெண்டு. சாயந்தரமே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம், ஆட்டோ நான் சொல்றேன். அந்த டோக்கனை மட்டும்..."

சீ, குழந்தையின் உடம்பை வைத்தா பேரம் பேசுவது! சந்திரிகாவுக்குக் காது கூசியது. முப்பது வருஷம் இந்த மனுஷனோடுதான் குடித்தனம் பண்ணினோமா என்றிருந்தது.

மூன்றாவது தடவை போகும்போது, பீரோவைத் திறந்து ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்தார். பெற்ற மகள் கேட்டபோதே தொட்டுப் பார்க்க மட்டும் கொடுத்த ரூபாய். அதைப் புதுக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

"இதைக் குழந்தை இடுப்புல கட்டும்மா, கழுத்துல வேணாம். உங்கப்பா டோக்கனைக் கண்ணாடிக்குள்ள அவர் பேரைப் போட்டு வைக்கிறேன். அப்பா பேர் என்ன?"

"மாணிக்கவேல்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர், எதிர்வீட்டுக்காரர், எத்தனை தடவைதான் இல்லை என்பாள்? கழற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோகன்ராஜ் வந்ததும் வராததுமாக டோக்கனை மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். சந்திரிகா பொங்கிவிட்டாள்.

"பெத்த அப்பனோட ஞாபகத்தைப் புடுங்கினு வந்துட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா? நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இப்பவே கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறேன்!"

டோக்கனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"சந்திரிகா, கீழ வை! கையை சோப்புப் போட்டுக் கழுவு!"

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. நின்றுவிட்டாள்.

மோகன்ராஜ் காலைப் பேப்பரை எடுத்து நீட்டினார். ஓரத்தில் பென்சிலால் இழுத்தது போலக் கருஞ்சாம்பல் கோடு.

"அந்த டோக்கன் இழுத்த கோடு இது. யுத்தத்துல செம்பு, பித்தளை எல்லாம் குண்டு செய்யப் போயிடுச்சு. கிடைச்சதை உருக்கி டோக்கன் அடிச்சாங்க. இது அசல் காரீயம், வயித்துக்குள்ள போனா விஷம். சந்தையில ஒருத்தன் சும்மா குடுத்தாக்கூட நான் வாங்க மாட்டேன். அந்தக் குழந்தை நாள் பூரா அதைத்தான் சப்பினு கிடக்கு. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவர் பாத்துக்குவார்."

சந்திரிகா டோக்கனை அப்படியே மேஜையில் போட்டாள்.

"ஐயோ... இதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமே? காலையிலேர்ந்து இவ்ளோ கேவலப்பட்டு நிக்கணுமா?"

"அப்பா ஆசீர்வாதம்னு கட்டினவகிட்ட, உன் புள்ளைக்கு நீயே விஷத்தைக் கட்டிவிட்டேன்னு எந்த வாயால சொல்றது? எதிர்வீட்டுக்காரன் பேராசை புடிச்சவன்னு என்னைத் திட்டினே இருக்கட்டும், விடு."