டெஸ்மண்ட் ஒடித்த கை

ஸ்பேனர் இறங்கிய வேகத்தில் க்ளிஃபோர்டின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. எஞ்சினை நகர்த்தும் நீராவிக் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன.

"யோவ் கிழவா! பைத்தியமா உனக்கு?"

"நிறுத்துடா! நிறுத்துடா நாயே!" டெஸ்மண்ட் மறுபடியும் ஓங்கினார். எழுபத்தேழு வயதில் ஓடி வந்து எஞ்சினில் ஏறியிருந்தார். மூச்சு அதற்கு மேல் பேச விடவில்லை.

இவர்களுடைய பகை ஆஷ்பெக் ரயில் அருங்காட்சியகம் முழுக்கத் தெரிந்ததுதான். முப்பத்தொரு வருடம், ஞாயிறு தவறாமல், ஒரு காசு வாங்காமல் இந்த எஞ்சினை ஓட்டியவர் டெஸ்மண்ட். கண் பரிசோதனையில் தேறவில்லை என்றதும் சங்கம் அந்த இடத்தை க்ளிஃபோர்டுக்குக் கொடுத்துவிட்டது.

"அந்தக் கைப்பிடியில நீ கை வச்சா கையை ஒடிப்பேன்" என்று போன வாரம்தான் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கத்தினார். "இன்னொரு தகராறு வந்துது, பேட்ஜைப் புடுங்கிடுவேன். அப்புறம் கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது" என்று செயலாளர் முரியல் அப்போதே சொல்லிவிட்டாள். மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு இந்தக் கேட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

இன்று க்ளிஃபோர்டின் முதல் ஓட்டம். பத்தரை மணிக்கு எஞ்சின் கொட்டகையை விட்டுக் கிளம்ப வேண்டும். பிளாட்பாரத்தில் குழந்தை குட்டிகளோடு கூட்டம் நெரிந்தது. அவனுக்கோ காலையிலிருந்து தரையில் கால் பாவவில்லை. எல்லாம் பளபளக்க வேண்டும் என்று பெயின்ட் டப்பாவும் கையுமாகவே திரிந்தான். தீயணைப்பு வாளி, பெஞ்சின் கால், எஞ்சினின் மூக்கில் தொங்கிய பலகை என்று கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் கழற்றியும் கழற்றாமலும் புதுப்பித்து வெயிலில் காய வைத்திருந்தான். அடி விழுவதற்கு முன்பே அவன் விரல்கள் சிவப்பாகத்தான் இருந்தன.

இடது முழங்கையை மடக்கி டெஸ்மண்டின் வாயில் ஒரே இடி. பொய்ப்பல் செட் பறந்து போய்க் கரிக்குவியலில் விழுந்தது. அதன் பிறகு அவர் வாயிலிருந்து ரத்தமும் குழறலும்தான் வந்தன. கொதிகலன் மேலே வீறிட்டுக்கொண்டிருந்த நீராவியில் அதுவும் கேட்கவில்லை.

"கண்ணு தெரியாத கழுதைக்கு எஞ்சின் கேக்குதா?" க்ளிஃபோர்ட் கரி வாரும் மண்வெட்டியை இடது கையால் எடுத்து அவர் விலாவில் வீசினான். கிழவர் அவன் காதைக் கடிக்கப் பார்த்தார். பல் இருந்தால்தானே! அடுத்த வீச்சில் படிகளில் உருண்டு தண்டவாளத்தின் மேல் விழுந்தார். நெற்றி பிளந்தது.

முரியல் பச்சைக் கொடியோடு ஓடி வந்தாள். க்ளிஃபோர்டின் தொங்கும் மணிக்கட்டும் சிவந்த விரல்களும்தான் அவள் கண்ணில் பட்டன. "ஐயோ, ரத்தம்! நெவில்! எங்கப்பா இருக்கே? உங்கண்ணனைக் கொல்றான், வா!" என்று அலறினாள். க்ளிஃபோர்டின் தம்பி நெவிலைக் காணோம். பன்றிக்கறி ரொட்டிக்குக் கேன்டீன் வரிசையில் நின்றிருப்பான், வேறென்ன.

டெஸ்மண்ட் எழுந்திருக்கவில்லை. ஊர்ந்து போய் முன்சக்கரத்துக்கு எதிரே தன் காலை நீட்டி வைத்துக்கொண்டார். சக்கரத்தைக் காட்டிக் காட்டி ஏதோ குழறினார்.

"ஆமாய்யா, அங்கயே கெடந்து சாவு!" க்ளிஃபோர்ட் மேலிருந்து துப்பினான்.

முரியலுக்கு வெறியே வந்துவிட்டது. கொடிக்கம்பால் கிழவரின் முதுகில் விளாசினாள். சட்டையோடு சேர்த்து பேட்ஜைப் பிய்த்தெடுத்தாள். "முப்பத்தொரு வருஷம் உன்னை நம்பினோமேடா பாவி! இனிமே இந்தப் பக்கம் உன் நிழல் விழக்கூடாது!"

பேட்ஜைப் பிடுங்கியபோதுகூட அவர் அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் ஆரக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ முன்னாடி படுத்துக்கிட்டா வண்டி நின்னுடுமா?" க்ளிஃபோர்ட் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "பின்னாடி எடுக்கறேன், பாத்துக்கோ!" திசை மாற்றும் நெம்புகோலை இழுத்தான். இடது கை நீராவிக் கைப்பிடிக்குப் போனது.

தண்டவாளத்தில் ஆப்பு அடிக்கிற சுத்தியல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. டெஸ்மண்ட் அதை இரண்டு கையாலும் தூக்கினார். உடம்பில் மிச்சமிருந்த பலம் அத்தனையையும் சேர்த்து வீசினார்.

அது க்ளிஃபோர்டின் தாடையில் போய் விழுந்தது. அவன் கைப்பிடியை விட்டுவிட்டுக் கரியின் மேல் சாய்ந்தான். பிளாட்பாரத்தில் அம்மாக்கள் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள்.

"கொலைகாரா!" முரியல் கிழவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து அவர் குரல்வளையைப் பிடித்தாள். "போலீஸைக் கூப்பிடுங்க யாராவது!"

டெஸ்மண்ட் எதிர்க்கவே இல்லை. கிழிந்த வாயோடு அழுதார். அழுகையா சிரிப்பா என்று முரியலுக்கே குழப்பம்.

கொதிகலனின் வீறிடல் சட்டென்று அடங்கியது.

சக்கரங்களுக்கு நடுவிலிருந்து எண்ணெய்க் குடுவை பிடித்த ஒரு கை வெளியே வந்தது. பின்னாலேயே கிரீஸ் பூசிய ஒரு முகம். நெவில் காதை மூடியிருந்த மஃப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் வெறும் மூக்கை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, 'அடியில ஆள் இருக்கு, நகர்த்தாதே'ன்னு நான் மாட்டின பலகையை எவன் கழட்டினது?"