சிங்கப்பூருக்கு ஒரு மனைவியின் கடிதம்

இந்தக் கதையில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. இப்போது தரமாட்டேன். முதலில் எங்கள் வீட்டு அடுப்படிக்கும் விறாந்தைக்கும் இடையில் நான் நடந்த நடையைக் கேளுங்கள்.

"கிறிஸ்ரினா, கொப்பருக்குச் சொல்லு, சோறு போட்டாச்செண்டு."

"பிள்ளை, கொம்மாவுக்குச் சொல்லு, பசியில்லையெண்டு."

இருவருக்கும் இடையில் பதினைந்து அடிகூட இல்லை. மூன்று மாதமாக இதுதான் கதை. ஒரு கலியாண வீட்டில், பத்துப் பேருக்கு முன்னால், "கூழ் எண்டால் எங்கடை மச்சாள் காய்ச்சிற கூழ்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா வாயை மூடினா. "நானோ முதல் போய்க் கதைக்கிறது?" என்று அப்பாவும் மூடிக்கொண்டார்.

நான் செய்தியோடு குரலையும் சேர்த்தே கொண்டுபோவேன். அம்மா மாதிரி மூக்கால் இழுத்து, அப்பா மாதிரி தொண்டையைச் செருமி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கல்லுகள்!

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சிங்கப்பூர்ப் பயணம் வந்தது. அவரோடு ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற பேதுரு மாமாவும் சேர்ந்து, நாலு நாள், சுற்றிப்பார்க்க. விசா தேவையில்லை.

விசா இல்லாமல் ஒரு நாடு உள்ளே விடும் என்பதை யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் ஒழுங்கை நம்பவேயில்லை.

"சும்மா விடுவாங்களோ? ஆரின்ரையாவது கடிதம் ஒண்டு கேப்பாங்கள், பார்" என்றார் கிறிஸ்ரோபர் அண்ணை.

"சுற்றிப்பார்க்கப் போறனெண்டு போனவையிலை ஆர் திரும்பி வந்தவை?" என்றா யசிந்தா அன்ரி.

அதைக் கேட்ட அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. ஒரு சொல் கதைக்காமலே அப்பா பிளேன் ஏறினால், அந்த நாலு நாளும் அம்மா என்ன பாடுபடுவா?

அடுத்த நாள் மத்தியானம், என் சிநேகிதியின் போனிலிருந்து அப்பாவுக்கு அடித்தேன். குரலைத் தடிப்பாக்கி, சிங்கப்பூர்க்காரர் மாதிரி முடிவில் ஒரு 'லா'வும் சேர்த்தேன்.

"வணக்கம், திரு லெனாட் அவர்களா? சிங்கப்பூரிலிருந்து பேசுகிறோம் லா. கடப்பிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லுமா?"

"என்ன சேர்? பாஸ்போட்டோ? ஓம் சேர், செல்லும்."

"திரும்பிப் போக டிக்கெட்? தங்குமிடம்? செலவுக்குப் பணம்?"

"எல்லாம் இருக்கு சேர்."

"வருகை அட்டை?"

"அது கடைசி மூண்டு நாளுக்குள்ளைதானாம் நிரப்பவேணும். பேதுரு நிரப்புவான் சேர்."

"சரி லா. மனைவியின் கடிதம்?"

"என்ன கடிதம் சேர்?"

"இவர் எனக்கு வேண்டும், திருப்பி அனுப்புங்கள் என்று. மனைவி கைப்பட எழுத வேண்டும். நீங்களே நேரில் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் மூலம் கேட்டால் செல்லாது லா."

போனுக்குள் அப்பா செருமுவது கேட்டது.

"சேர்... மனிசி எழுதாட்டி?"

என் சிங்கப்பூர்க் குரல் உடையப் பார்த்தது. "எயார்போட்டிலேயே திருப்பிவிடுவோம் லா" என்று சொல்லி, போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். சாரத்தை இறுக்கினார். செருமினார். திரும்பவும் செருமினார்.

"இஞ்சேரும்..."

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சொல்!

"சிங்கப்பூரிலையிருந்து போன் வந்தது. உம்மடை கடிதம் ஒண்டு கேக்கிறாங்கள். உமக்கு... நான் வேணுமெண்டு."

அம்மா மீன் வெட்டுகிற கையை நிறுத்தவில்லை. "அது சிங்கப்பூருக்கு ஏன் தெரியவேணும்?"

"எனக்கும் தெரிஞ்சால் நல்லதுதான்."

கத்தி நின்றது. அம்மா கையைக் கழுவி, என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தா.

'இவர் என்ரை மனிசன். நாலு நாளிலை பத்திரமாய்த் திருப்பி அனுப்பவும். அஞ்சாம் நாள் எண்டால் நானே வந்து நிப்பன். அங்கை ஆரும் இவருக்குக் கூழ் குடுக்க வேண்டாம்.'

நான் கிணற்றடிக்கு ஓடி, துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தேன். வளர்ந்த இரண்டு பேரை ஒரு போனில் ஏய்த்துவிட்டேன்!

பின்னாலேயே அப்பா வந்தார். சட்டைப் பையில் கடிதம்.

"பிள்ளை, சிங்கப்பூர் ஒஃபிசர் கதைக்கேக்கை பின்னாலை எங்கடை கோயில் மணி அடிச்சதடி."

என் கையிலிருந்து துவாய் கீழே விழுந்தது. "அப்ப ஏனப்பா போய்க் கேட்டனீங்கள்?"

"போய்க் கதைக்கிறதுக்கு எனக்கும் ஒரு சாட்டு வேணுமெல்லோ. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவ நம்பித்தான் எழுதினவ."

அசடு வழிய உள்ளே போனேன். அம்மா அப்பாவின் பையை அடுக்கிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அதற்குள் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினா. டிக்கெட் போட்ட கடையில் குடுத்த விபரம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. அம்மாவின் சரி.

"பாஸ்போட், திரும்பி வாற டிக்கெட், தங்கிற இடம், காசு, வருகை அட்டைக்குப் பேதுரு. மனிசன் எங்கையும் மறிபட்டு நிக்கக்கூடாதெண்டு போன கிழமையே எல்லாம் பாத்துவைச்சிட்டன். மனிசியின்ரை கடிதம் இதிலை எங்கையடி இருக்கு?"

"அம்மா... அது..."

"சத்தம் போடாதை. கொப்பருக்குச் சொல்லிப்போடாதை. பாவம், மனிசன் உண்மையெண்டு நம்பி வந்து கேட்டது."

ஆர் ஆரை ஏய்த்தது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏமாந்த பக்கத்தில் மிஞ்சியது நான் ஒருத்திதான்.