எச்சில் கைத் தாளம்

சுருதி சேர்த்து முடித்ததற்கே மேசையைத் தட்டினார்கள்.

எல்லாருடைய வலது கையிலும் வத்தக்குழம்பு. கைதட்ட முடியாது. அதனால் இடது கையால் மேசையைத் தட்டினார்கள். இலைகளில் அப்பளம் குதித்தது.

அவன் தட்டவில்லை. கம்பியை முறுக்கிச் சரிசெய்ததையே பாட்டு என்று நினைத்துக்கொண்ட கூட்டம்.

அபயா வயலினை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு மனைவியாக இருந்த காலத்தில் இதற்கெல்லாம் சிரித்திருக்க மாட்டாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களாவின் கூடம். எட்டு மேசை. மைக் கிடையாது. வாழை இலையில் சாப்பாடு, எதிரே தாழ்ந்த பலகையில் கச்சேரி. சபாக்களில் பாட்டுக்கு நடுவே கேன்டீனுக்கு எழுந்து போவார்கள். இங்கே கேன்டீனுக்குள்ளேயே பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். எழுந்து போகிற சிரமமும் மிச்சம்.

“இன்னைக்கு ஸ்பெஷல் வத்தக்குழம்பு, அப்புறம் கல்யாணி” என்று முதலாளியம்மா அறிவித்திருந்தாள். இரண்டையும் ஒரே குரலில்.

சத்தம் வரக்கூடாது என்று பரிமாறுகிறவர்களுக்குக் காலுறை மாட்டிவிட்டிருந்தார்கள். மோர்மிளகாய் கடிக்கிறவர்களுக்கு எதை மாட்டுவது?

பக்கத்து மேசையில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பருத்த மனிதர். பாட்டு தொடங்கியதும் வலது கை இலையில், இடது கை தொடையில். தாளம் போடுகிறாராம். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒரு எண்ணிக்கை தாமதம். முகத்தில் மட்டும் பரவசத்துக்குக் குறைவில்லை.

முன்னால் இப்படி ஒரு தொடை இருந்தால் போதும், வாசிக்கிறவரைக் கவிழ்த்துவிடும்.

அபயா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். வயலின் வாசிக்கிறவளுக்கு இரண்டு கையும் வயலினில். கணக்கு சிக்கலாகும்போது, முன்வரிசையில் நம்பத் தகுந்த ஒரு கையைக் கண் தேடும். வெகுகாலம் அந்தக் கை அவனுடையதாக இருந்தது. வீட்டில் சாதகத்தின்போது. சபாக்களில் முதல் வரிசையில். பேஷ் என்று ஒரு தடவை சொன்னதில்லை. பாராட்டு விஷயத்தில் அவன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். ஆனால் தாளம் தவறியதில்லை.

விவாகரத்தாகி நீதிமன்றப் படியில் இறங்கும்போது அவன் நினைத்தது ஒன்றுதான். இனி எப்படி வாசிக்கிறாள் பார்க்கலாம்.

அதைப் பார்க்கத்தான் வந்திருந்தான்.

கல்யாணி ஏறிக்கொண்டே போனது. மிருதங்கம் விடாமல் கூடவே போனது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ அப்பளம் உடைத்தார்கள்.

கோர்வை தொடங்கியது. ஒரே கணக்கு மூன்று முறை வந்து, பாட்டின் முதல் சொல்லில் போய் விழ வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மானம் போகும். இந்த மாதிரி இடத்தில்தான் அவள் கண்ணைத் திறப்பாள்.

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

“சார், ரசம்?”

வாளியோடு ஒருவன் குனிந்து நின்றான். இவன் வேண்டாம் என்று தலையசைத்தான். எண்ணிக்கை நழுவியது. ஒரு கணம்தான். விட்ட இடத்தைக் கை தானே பிடித்துக்கொண்டது. பழகிய கை அல்லவா.

இடது உள்ளங்கையை மேசைக்கு மேலே நன்றாகத் தெரியும்படி நீட்டினான். அதன்மேல் எச்சில் கையால் தட்டினான். சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். வெள்ளைச் சட்டையில் குழம்பு தெறித்தது. தெறிக்கட்டும்.

அபயா கண்ணைத் திறந்தாள்.

நேராக அவன் கையைப் பார்த்தாள். அத்தனை பேர் இருக்க, அவன் கையை. பிரிந்து போய்விட்டால் மட்டும் என்ன, இப்படி ஒரு கை கிடைத்துவிடுமா?

ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள்.

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாளத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தான். நெஞ்சு நிறைந்தது.

இரண்டாவது முறை.

மூன்றாவது.

வில்லும் மிருதங்கமும் ஒன்றாய் வந்து விழுந்தன. பாட்டின் முதல் சொல் சுத்தமாக எழுந்தது.

அவன் கை இன்னும் காற்றில் இருந்தது.

பிறகுதான் விழுந்தது. அதே நேரத்தில் பக்கத்து மேசைத் தொடையிலும் ஒரு கை விழுந்தது. இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது.

கூடமெங்கும் மேசைகள் அதிர்ந்தன. பருத்த மனிதர் அவன் பக்கம் திரும்பினார். துணைக்கு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் முகமெல்லாம்.

“நாம ரெண்டு பேரும் கரெக்டா போட்டோம்ல சார்?”

அவன் பலகையைப் பார்த்தான். மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அபயாவின் கண்கள் இன்னும் மூடியே இருந்தன.

அவன் இடது கையால் மேசையைத் தட்டினான்.