காலவே வேண்டவே வேண்டாம்

“அந்தக் காலவேயா? அவனுக்குப் பதிலா இந்த டோனட்டைக்கூடக் குடுக்க மாட்டேன், சார்!”

எல்டன் க்ராஸ் கையிலிருந்த ஃபைலை மேஜைமேல் பொத்தென்று போட்டார். டொலீடோ ஹாமர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் தேர்ந்தெடுத்துச் சொல்லும் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவர். அவர் போட்ட வேகத்தில் எல்லோருடைய காபியும் தளும்பியது.

எதிரே உட்கார்ந்திருந்த கோச் லானி மேடக்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தெறிய ஒரு உருப்படியான குவாட்டர்பேக் இல்லாமல், போன சீசனில் பதினேழு ஆட்டங்களில் மூன்றைத்தான் ஜெயித்திருந்தார்கள். இந்தத் தடவையும் அதே கதியென்றால் ஜனவரியில் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதைப் போன வாரம்தான் எல்டனிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். “ரீஸ் காலவே வந்தா எனக்கு உயிர் வந்துடும்யா” என்று கெஞ்சாத குறை. “பாக்கலாம் கோச்” என்று தலையாட்டிய மனுஷன், இன்றைக்கு இப்படிக் காலை வாருகிறார்.

காலவேயைத் தர சாக்ரமெண்டோ அணி தயாராக இருந்தது. பதிலுக்கு, அடுத்த மூன்று வருஷ டிராஃப்டிலும் ஹாமர்ஸின் முதல் சுற்று வாய்ப்பைக் கேட்டார்கள். கல்லூரிப் பையன்களில் தங்கமான ஒருவனைப் பொறுக்கியெடுக்கும் உரிமை அது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

முடிவு முதலாளி தாட் ஓக்கர்மன் கையில். மாமனார் கண்ணை மூடியதும் அணி இவர் மடியில் வந்து விழுந்தது. அதுவரை மெத்தைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். மெத்தையைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

“ஏன் வேணாம்ங்கிறே?” மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார் ஓக்கர்மன்.

“முப்பத்து மூணு வயசு, சார். முழங்கால் போச்சு, கையும் போச்சு. பெரிய ஆட்டம்னா மூஞ்சி வெளிறிடுது. போன சீசன்ல மட்டும் பதினோரு ஆட்டம், ஊர் ஊராப் போய் நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்.”

“கோச் வேற மாதிரி சொல்றாரே?”

“அவருக்கென்ன, டிவியில பாத்துட்டு ஆசைப்படுறாரு. சின்னப் புள்ள பொம்மை கேக்கற மாதிரி.”

மேடக்ஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. “யோவ், மரியாதையாப் பேசு!” என்று எழுந்தார். ஓக்கர்மன் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“எல்டன், போன வருஷ டிராஃப்ட்ல யாரை எடுக்கச் சொன்னே?”

“அயோவாப் பையனை, சார். மலை மாதிரி தடுத்து நிப்பான்.”

“நான் எடுத்தேனா?”

“இல்ல சார். உங்க வீட்டம்மா படிச்ச காலேஜ்லேருந்து ஒருத்தனை எடுத்தீங்க.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அப்பவும் இல்ல சார்.”

“பாத்தியா? உன் பேச்சைக் கேக்காமலே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”

எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. லீக்கிலேயே கடைசி இடம். அதற்குக் கீழே போக இடமில்லை.

எல்டன் விடவில்லை. “கும்பிட்டுக் கேக்கறேன், சார். மூணு வருஷத்தைத் தூக்கிக் குடுக்கறது வடிகட்டின முட்டாள்தனம். இது ஒண்ணும் மெத்தை யாவாரம் இல்ல.”

மெத்தை என்ற வார்த்தையை ஓக்கர்மன் காதுபட அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்வதில்லை. கோச்சே ஒரு நொடி பயந்துபோனார்.

ஓக்கர்மன் எல்டனை முறைத்தபடியே ஃபோனை எடுத்தார். “சாக்ரமெண்டோவா? மூணு வருஷத்தையும் எடுத்துக்குங்க. காலவேயை அனுப்பி வைங்க.”

ஃபோனை வைத்துவிட்டு எல்டன் பக்கம் திரும்பினார். “இருபது வருஷமா இங்க என்னத்தைக் கிழிச்சே? சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டு வெளிய போ.”

எல்டன் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மேடக்ஸுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் பொம்மை கேட்ட சின்னப் பிள்ளை என்றது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நாலு வார்த்தை கேட்காமல் விட்டால் தூக்கம் வராது என்று, நேரே எல்டனின் அறைக்குப் போனார். அவர் ஒரு அட்டைப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பெரிசு, மூஞ்சியில கரியைப் பூசி அனுப்பிட்டாரா? என் பொழப்பைக் கெடுக்கப் பாத்தே, உன் பொழப்பே போச்சு. உன் பேச்சை ஒரு நாய்கூட மதிக்கல.”

எல்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காலவே எறியும்போது அவன் முதுகு காட்டற இடது பக்கத்துக்கு ரெண்டு பேரைக் காவல் போடுங்க, கோச். முதுகுப் பக்கம் பயமில்லேன்னா, அவன மாதிரி எறியறதுக்கு இன்னிக்கு இந்த நாட்டுல ஆள் கிடையாது.”

மேடக்ஸ் திகைத்துப் போனார். “இப்ப என்னய்யா புதுசாப் பேசறே? அவன் நல்ல ஆட்டக்காரன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்கு அங்க வேணாம் வேணாம்னு குதிச்சே?”

எல்டன் பெட்டியை மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வேணும்னு நான் சொல்லியிருந்தா, அந்த ஆளு வாங்கியிருப்பானா?”