கார்த் திறப்பு

பின்னேர வெயிலில் கனடாவின் ஸ்காபரோ மண்டபமொன்றின் மேசைக் குவளைகள் மின்னுகின்றன. ரோசாவின் மகளுக்குப் பதினைந்து வயது. எல் சல்வடோர்க்காரருக்கு அது, பெண் பூப்பெய்தினால் நாம் எடுக்கும் சாமத்திய வீட்டைப் போலப் பெருவிழா. தங்கையை வாழ்த்தச் சொல்லி, மாமன்காரன் ரோசாவின் மூத்த மகன் டியேகோவின் கையில் ரம்மைத் திணிக்கிறான். ஆண்கள் கைதட்டுகிறார்கள். ரோசா கேக்கும் கையுமாக அப்படியே நிற்கிறாள். பக்கத்து வீட்டுச் செலீனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பெடியன் குடியை விடவெண்டு ஆஸ்பத்திரியிலை கிடந்து போன கிழமைதானே வந்தவன்!"

"விடுமப்பா," என்கிறான் கணவன் வின்சன்ற். "உவங்கள் மேசையிலை வைச்சுக் குடுக்கிறாங்கள். நாங்கள் பிள்ளையளுக்குத் தெரியாமல் கார் டிக்கியிலை வைச்சுக் குடிக்கிறம். எங்கடை பெடியள் பழுதாகேல்லை."

டியேகோ தாயைப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடிக்கிறான். வெளியிலிருந்து வரும் செலீனின் மகன் றொய்சன், தகப்பனின் கார்த் திறப்புக் கொத்தை மேசையில் வைக்கிறான். அவன் வாயில் கிடக்கும் புதினா மிட்டாயையும் மீறி விஸ்கி மணக்கிறது.