இன்குபேட்டர் கதவு

ஊரையே மூச்சுத் திணற வைத்த புதுக் காய்ச்சலின் வைரஸ் கடைசியில் அவரிடம் சிக்கிவிட்டது. சிக்காமல் எங்கே போகும்? இந்த ஆய்வகத்திலேயே குப்பை கொட்டித் தலை நரைத்தவர் அவர். அதே காய்ச்சலில் கிடக்கும் அக்காவின் சளியைக் குடுவையில் இட்டு, அதிலிருந்த வைரஸை வளர்த்து, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தாகிவிட்டது.

வேலை முடிந்த குடுவையை நீராவி இயந்திரத்தில் வைத்து அழித்துவிடுவார்கள். அதை எடுக்கத்தான், உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டரைத் திறந்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினார். வேறு யாராவது இப்படிச் செய்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா. தொண்டையில் செருகியிருந்த செயற்கை மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்களாம்.

“கவலையே படாதக்கா. ஆளைப் பிடிச்சுட்டேன்!”

“சரிடா. முதல்ல அந்தக் கதவைச் சாத்து. குளிருது.”

“நர்ஸைக் கூப்பிட்டுச் சாத்தச் சொல்லேன்.”

“இங்க எல்லாம் சாத்தித்தான் இருக்கு. ரெண்டு போர்வை வேற போட்டாச்சு.”

அவர் திரும்பிப் பார்த்தார். ஃபோனைக் காதில் வைத்தபடியே போய், இன்குபேட்டர் கதவை மெல்லச் சாத்தினார்.

“அப்பாடா” என்றாள் அக்கா.

சுவரோரம் நீராவி இயந்திரம், சூடாகிவிட்டது என்று மணியடித்துக்கொண்டே இருந்தது.