ஆரஞ்சுப் பட்டை

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், ரெமிஜியஸ். என் மனைவி பியாட்ரிஸ். எங்கள் ஒரே மகன் எரிக். பெண் வீட்டிலிருந்து ஆஞ்சலா, அவள் அப்பா மதலைமுத்து, தாய்மாமன் கிளெமென்ட்.

வாசலில் நின்று கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் யாரும் அங்கே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு வந்தார்கள். பியாட்ரிஸ் கேக்கும் காபியும் வைத்தாள்.

கூடத்துச் சுவரில், குழந்தை இயேசு படத்துக்குக் கீழே, வரிசையாக ஆணி அடித்திருந்தேன். எரிக் போய்வந்த மாநாடுகளின் அடையாள அட்டைகளை நாடாவோடு அதில் மாட்டியிருந்தேன். மொத்தம் ஏழு.

அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டான். நான் திரும்ப எடுத்து மாட்டினேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை அவனுக்கு. மாநாடு நடந்த அன்றே, யார் என்ன பேசினார்கள், அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று லிங்க்ட்இன்னில் எழுதிவிடுவான். நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ பெரிய பெரிய மேனேஜர்கள் நன்றி சொல்கிறார்கள்.

எனக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் நானும் ஒரு கணக்கு தொடங்கி, முதல் லைக் என்னுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பங்குச் சாமியாரிடமும் காட்டியிருக்கிறேன்.

பெண் வீட்டாரிடமும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தேன். மாநாடு மாநாடாக என் மகனை அழைக்கிறார்கள் என்று.

கிளெமென்ட் ஒரு கம்பெனியில் மேனேஜர். இந்த மாதிரி இடங்களுக்குப் போய்வந்து பழகியவர். கேக் தட்டோடு எழுந்து சுவரருகே போனார். ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, எல்லாத்துலயும் ஆரஞ்சுப் பட்டையா இருக்கு? பேச வர்றவங்களுக்கு நீலம், கேக்க வர்றவங்களுக்குப் பச்சை. ஆரஞ்சு, அங்க வேலை செய்ற ஆளுங்களுக்கு இல்ல குடுப்பாங்க?"

கேலியாகத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

எரிக் சிரிக்கவில்லை.

அட்டையின் அடியில் அப்படி ஒரு பட்டை இருப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அழகுக்காகப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

பதினொரு மாதத்துக்கு முன்பே தன் வேலை போய்விட்டது என்றான் எரிக். இந்த மாநாடுகளை நடத்துகிற நிறுவனம் அந்தந்த நாளுக்கு ஆள் எடுக்குமாம். கேள்வி கேட்பவர்களிடம் மைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. சுவரோரம் நின்றபடியே பேச்சையெல்லாம் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவானாம். படிப்பவர்களில் யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றுதான் எழுதினானாம். இரண்டு பேர் கூப்பிட்டுப் பேசியும் இருக்கிறார்களாம்.

கேட்டது கிளெமென்ட். ஆனால் அவன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

எங்கள் வீட்டில் வேலையிலிருந்து அனுப்பப்பட்டவன் என்று ஒருவன் இருந்ததில்லை. என் அப்பா ராணுவத்தில் இருந்து மரியாதையோடு ஓய்வு பெற்றவர். நான் ஒரே தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம். யாருக்கும் எதையும் ஏந்திக்கொண்டு நின்றவர்கள் இல்லை நாங்கள்.

பியாட்ரிஸ் காபித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அப்போதுதான் ஆஞ்சலா வாய் திறந்தாள்.

"எனக்கு முதல்லருந்தே தெரியும் அங்கிள். ஒரு மாநாட்டுல கேள்வி கேக்க நான் கை தூக்கினேன். மைக் கொண்டாந்து குடுத்தது இவரு. அப்பாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். மாமாவுக்குத்தான் தெரியாது."

மேடையில் இருந்தவர் அவள் கேள்விக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டாராம். அன்று மாலை எரிக் அந்தக் கேள்வியை எழுதி, தானே ஒரு பதிலும் எழுதியிருந்தானாம். அதை வைத்துத்தான் அவள் ஆபீசில் மாதக்கணக்கில் தீராமல் கிடந்த ஒரு சிக்கல் தீர்ந்ததாம். பிறகுதான் அவனுக்கு எழுதினாளாம்.

கிளெமென்ட் அட்டையை ஆணியில் திரும்ப மாட்டினார். அது கோணலாகத் தொங்கியது. நான் நேராக்கவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் கூடம் காலியாகிவிட்டது. கேக்கை யாரும் முடிக்கவில்லை.

அன்று மாலையே எரிக் ஒரு பையை எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதிக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் ஆகிறது. பியாட்ரிஸ் அவனோடு போனில் பேசும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவனுடைய லிங்க்ட்இன் பக்கம் என் போனில் திறப்பதில்லை. பியாட்ரிஸ் போனில் திறக்கிறது. இப்போதெல்லாம் எதுவும் எழுதுவதில்லை என்கிறாள்.

வியாழக்கிழமை நவநாள் செபம் முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்கள் ஒரு கதை பேசிக்கொள்கிறார்கள். வேலையில்லாத பையன் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். போன வாரம் ஒருவர் என்னிடமே வந்து அனுதாபம் சொன்னார்.

அது தவறு.

மதலைமுத்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலை இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும், பையன் நல்லவன் என்றார். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசிக்கச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டார்.

பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மைக் தூக்குகிறவன் என்று தெரிந்தே பெண் கொடுக்க வந்த குடும்பத்தோடு எங்களுக்குச் சம்பந்தம் கிடையாது என்று சொல்லி, எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டவன் நான்.